எஸ்ரா கோல்டர் எழுப்பின பதினொரு குடும்பங்கள்

நார்த்மீட்
2024 தை 14

அன்பு மச்சான் தேவராஜா,

எங்கட பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் மலருக்கு நீ கேட்ட எஸ்ரா கோல்டர் வரலாறு இதோட வருது. ரெண்டு மாசம் என்ர கண்ணைத் திண்ட மனுசன். அமெரிக்காவில மர ஆலைக் கூலியாத் துவங்கி, ரயில் பாதைக்குக் கட்டை வித்து, இருபதாயிரம் ஏக்கர் சேர்த்தவர். யாழ்ப்பாணத்தில எங்கட பள்ளிக்கூடம் கட்டவும் குடுத்தவர். உதவி செய்தவற்ற பேரைப் பிள்ளைக்கு வைக்கிறது அந்தக் கால மிஷன் வழக்கம். உன்ர பூட்டனுக்கு அப்பிடி வந்த பேர்தான் இண்டைக்கு உன்னிலயும் கிடக்கு.

ஆனால் அவற்ற நாட்குறிப்பையும் வாசிச்சனான். ஒரு மார்கழியில பதினொரு குடும்பங்களைப் பனிக்குள்ள குடியெழுப்பி, கூரையைப் பிரிச்சு, வேலி அடைச்சிருக்கிறார். நான் எழுதினதில மூண்டாம் பந்தியில அது இருக்கு.

களைச்சுப்போனன். "கண்ணாடியைக் கழட்டிப்போட்டுப் படுங்கோ" எண்டு மனுசி யோகா பேசுறாள். ஊரில ஆமிப் பட்டாளம் பிடிச்ச உன்ர காணியைத் திருப்பிக் கேட்டு வருஷா வருஷம் எழுதுற மனுவையும் கெதியா எழுதித் தாறன்.

உன்ர
கதிர்காமநாதன்


மெல்பேர்ன்
2024 மாசி 2

டேய் கதிர்,

திறமா எழுதியிருக்கிறாய். மூண்டாம் பந்தியை மட்டும் எடுத்திட்டன். மலரெண்டால் கொண்டாட்டமடா, கோட்டு வழக்கில்லை. பேரப்பிள்ளையளுக்கு முன்னால எங்கட பேரை நாறடிக்கச் சொல்றியோ? எந்தக் காலத்துக் கதை! கோவிக்காதை.

மனுவை அனுப்பு. முப்பத்திநாலு வருஷமாச்சு. சாகமுதல் அந்த வளவுக்குள்ள ஒருக்காக் கால் வைச்சால் போதும்.

கோல்டர் தேவராஜா


நார்த்மீட்
2024 மாசி 11

தேவராஜா,

கோவமில்லை, அலுப்பு. மனு இதோட வருது. புதுசா ஒண்டும் எழுதேல்லை. நீ எடுத்த பந்தியை அப்பிடியே போட்டிருக்கிறன். கோல்டர் எண்ட இடத்தில ஆமி, பனி எண்ட இடத்தில மழை, பதினொரு குடும்பம் எண்ட இடத்தில உன்ர குடும்பம். வேற ஒரு சொல்லும் மாத்த வேண்டி வரேல்லை.

கையெழுத்து வைக்க ஏலுமெண்டால் வை.

கதிர்காமநாதன்


மெல்பேர்ன்
2024 பங்குனி 20

மச்சான்,

மலர் அச்சாகி வந்திட்டுது, முந்நூறு பிரதி. முன் அட்டையில கோல்டர் தாடியோட நிக்கிறார். உன்ர பந்தி இல்லை. இனி ஒண்டும் செய்ய ஏலாது. வெக்கமாக் கிடக்கு.

மனு ஒரு மாசமா மேசையில கிடந்தது. நேற்றுத்தான் கையெழுத்து வைச்சு அனுப்பினனான். கோல்டர் எண்ட முதல் பேரை எழுதக் கை வரேல்லையடா, விட்டிட்டன். காணி உறுதிப் பத்திரத்தில இருக்கிற பேரோட ஒத்துவரேல்லை எண்டு திருப்பி அனுப்புவாங்கள், தெரியும்.

அனுப்பட்டும்.

தேவராஜா