எங்க வரிசையோட வேகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி தேவலையா? நான் நல்லா இருக்கேன்.

போன வாரம் கம்பெனியில தைக்கும்போது விரல்ல லேசா ஊசி ஏறிடுச்சு. பயப்படாதீங்க, ஆறிடுச்சு. இங்க மெதுவாத் தைக்கிற ஆளை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. அதனால, விரல் ஆறுற வரைக்கும் எங்க வரிசையில எல்லாருமே என் வேகத்துக்கு இறங்கிட்டாங்க.

"யாரால இவ்வளவு லேட்டு?"ன்னு சூப்பர்வைசர் கத்தினார்.

"எல்லாருக்கும் வயசாகுதுல்ல சார்"னு பக்கத்து மிஷின் அக்கா சொன்னாங்க. மொத்த வரிசைக்கும் திட்டு. ஒருத்தரும் என்னைக் காட்டிக் கொடுக்கலை.

வந்துடுன்னு இனிமே எழுதாதீங்கப்பா, வர மாட்டேன். போன்ல பேசும்போது டிவியை அணைக்காதீங்க. வீட்டுச் சத்தம் கேட்கட்டும்.

மணி அடிச்சிருச்சு. அந்த அக்காவுக்கு இன்னைக்குக் காய்ச்சல். நான் மெதுவாத் தைக்கணும்.

உங்க மக