புகையாத அடுப்பு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சின்ன ரயில் பாதையைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, பெரிய பாதை வரும் வரும் என்று நம்மை பஸ்ஸில் நசுங்கவிட்ட வருஷம் அது. நம் மில்லில் மூன்றாம் ஷிப்டை நிறுத்தியதும், என் மூத்தவளுக்குச் சடங்கு வைத்ததும் அந்த வருஷம்தான். அந்தத் தை மாசம்தான் மலைக்குக் கொண்டுபோக நீயும் நானும் அடுப்பு தேடி அலைந்தோம்.

நேற்று மூத்தவளின் வீட்டுக்காரருக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே மடக்குகிற தகர அடுப்பு. ஒரு நோட்டுப் புத்தகத்தின் கனம்கூட இல்லை. முதுகுப் பையில் போட்டுக்கொண்டு குடகுப் பக்கம் மலையேறப் போகிறாராம். "சுள்ளி போட்டா போதும் மாமா, புகையே வராது" என்றார்.

"எதைப் போட்டுப் பாத்தீக மாப்ளே?"

"பார்சல் வந்த அட்டைப்பெட்டியத்தான்."

மகள் சிரித்தாள். எனக்கு உன் நினைப்பு வந்துவிட்டது. எழுத்து அறியாதவன் நான். சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

உனக்கு பஞ்சு உடைக்கிற ப்ளோ ரூமில் வேலை. தூசி முழுவதும் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. செண்பகத்தோப்பு தாண்டி மேலே ஏறி, ஓடைப் பாறையில் உட்கார்ந்ததும், "வருஷத்துல இந்த ரெண்டு நாளுதான் மச்சான் நான் மூச்சு விடுதேன்" என்பாய். நீ, நான், கருப்பையா. ஒரே மில், ஒரே ஷிப்டு. முந்தின வருஷம் மூன்று கல் கூட்டிச் சமைத்த புகையில் நீ சுருண்டு விழுந்தாய். உன்னைத் தாங்கித்தான் இறக்கினோம். புகை உனக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கருப்பையா தீர்ப்பே எழுதிவிட்டான்: "புகையாத அடுப்பு கெடச்சா வா. இல்லாட்டி வீட்லயே கெட."

பம்ப் ஸ்டவ் பார்த்தோம். மண்ணெண்ணெய் வாடைக்கே உனக்கு இரைத்தது. மண் அடுப்பு கனம், வழியில் உடையும். கடைசியில் பஜாரில் தகர வேலை செய்கிறவர் ஒருவர், பெரிய டப்பாவுக்குள் சின்ன டப்பாவை இறக்கி, அடியிலும் கழுத்திலும் ஓட்டை போட்டு ஒன்று செய்து தந்தார். கடைக்குப் பின்னால் கிடந்த பருத்திமாரை, காய்ந்த பருத்திச் செடிக் குச்சியை, ஒடித்துப் போட்டுப் பற்றவைத்தேன். தீ வட்டமாக எழுந்தது. நூல் அளவுகூடப் புகை இல்லை. நீ குனிந்து, மூக்கைக் கிட்டே கொண்டுபோய் இழுத்துப் பார்த்தாய். இருமல் வரவில்லை.

"இதுதான் மச்சான்" என்றாய்.

"யாரு எடுத்தது?" என்று மார் தட்டினேன்.

கரிசல் காட்டில் வெயில் குடித்துக் காய்ந்த பருத்திமார் எந்த அடுப்பில்தான் புகையும்? தைப்பனியில் ஊறிக் கிடக்கிற மலைச் சுள்ளி வேறல்லவா? அது என் மண்டையில் ஏறவில்லை. ஓடைக்கரையில் அடுப்பு குமுறிக் குமுறிப் புகைந்தது. நீ பாறைக்கு அந்தப் பக்கம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஆறிப்போன கஞ்சியை அங்கேயே குடித்தாய்.

"ஏலே, இது அடுப்பா, ரயில் இஞ்சினா?" என்றான் கருப்பையா. "அடுத்த வருஷம் ரெண்டுல ஒண்ணுதான் வரணும். அடுப்பு, இல்லாட்டி இவன்."

"அடுப்பு நல்ல அடுப்புதாம்லே" என்று நான் சண்டைக்குப் போனேன்.

மறு வருஷம் போய்ச் சேர்ந்ததும், "நான் பத்த வைக்கேன். நீங்க ரெண்டு பேரும் தண்ணி மோந்துட்டு வாங்க" என்று அனுப்பினாய். திரும்பினால் உலை கொதிக்கிறது, புகையைக் காணோம். ஒவ்வொரு வேளைக்கும் எங்களுக்கு இப்படி ஒரு வேலை வைத்திருந்தாய். "போன வருஷம் நமக்குப் பக்குவம் தெரியல. மச்சான் எடுத்த அடுப்பு சோடை போகுமா?" என்றாய். நான் கருப்பையாவைப் பார்த்து மீசையை முறுக்கினேன்.

அதற்கும் அடுத்த வருஷம், விடிந்ததும் உப்புப் பொட்டலம் எடுக்க உன் பையைத் திறந்தேன். கம்பளி இல்லை. சாண் நீளத்துக்கு ஒடித்து, சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டிய பருத்திமார், பை கொள்ளாமல். நீ கைலியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாறையில் நடுங்கிக்கொண்டிருந்தாய். "தொழுகைக்குச் சீக்கிரமே எந்திரிச்சிட்டேன் மச்சான்" என்றாய், நான் ஒன்றும் கேட்காமலே. பையை மூடிவிட்டேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் எடுத்தது தப்பு, இனி பருத்திமாரை நான் சுமக்கிறேன் என்று. கருப்பையா சிரிப்பானே என்று இருந்துவிட்டேன். மறு வருஷம் இரண்டு கம்பளி எடுத்துப் போனேன். "வீட்ல தெரியாம ரெண்டு வச்சிட்டா. ஒண்ண நீ போத்திக்க." செத்த நேரம் என் முகத்தையே பார்த்தாய். பிறகு வாங்கிக்கொண்டாய். அதன் பிறகு ஆறு வருஷம் இப்படியே என் பையில் இரண்டு கம்பளி, உன் பையில் பருத்திமார். அடுப்பின் பெருமையைப் பேசிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். நீ ஒவ்வொரு ஏற்றத்திலும் நின்று நின்று, நெஞ்சு இரைக்கச் சுமந்து வந்தாய்.

மலைக்குள் தீ கொண்டுபோகக் கூடாது என்று வனத்துறையில் கண்டிப்பாகச் சொன்னதோடு நம் நடை நின்றது. கருப்பையா போனான். பிறகு நீ. உன்னைக் கிடத்திய சந்தூக்குக்குத் தோள் கொடுத்துப் பள்ளிவாசல் வரைக்கும் வந்தேன். உன் சுமையில் நான் தோள் கொடுத்தது அது ஒன்றுதான்.

உன் பையைத் திறந்து பார்த்தேன் என்ற அந்த ஒரு சொல் இன்னும் என்னிடமே கிடக்கிறது. உனக்கு அது தெரியுமா? தெரிந்துதான் அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட நீ கம்பளி எடுத்து வரவில்லையா? வருஷா வருஷம் அந்தப் பையைக் கட்டிக் கொடுத்த ஆளிடம் சொல்லாமல் இருந்திருக்க மாட்டாய். நாளைக் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுகிறேன். கேட்க இனி உயிரோடு மிச்சம் ஒரே ஒரு ஆள்தான். உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி சபுரா.