அம்மாவின் முன்பல்

விருத்தாசலம்,
ஞாயிற்றுக்கிழமை.

என் செல்ல மகள் இளமதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் கார்முகிலும் நல்லபடி இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று பயந்துபோவாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். எனக்கும் குரல் உடைந்துவிடுகிறது.

வாசலில் கால் இடறி விழுந்து அம்மாவுக்கு முன்பல் பாதி உடைந்தது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் வீடியோவில் வரவே இல்லை. உன் மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டாய். கோபம் இல்லையம்மா. உன் பெயரில் உள்ள 'தி' அவளுக்கு வரவில்லை. இளமயி, இளமயி என்று சொல்லிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். நாக்கு பல்லில் பட்டால்தானே 'தி' வரும், பல்லுக்கு மேல் உறை மாதிரி கேப் போட்டால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். நம்பிக்கொண்டிருந்தாள்.

பாலக்கரை பல் லேபில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கேப் செய்கிறவன், அவளுக்குச் செய்யாமல் இருப்பேனா. ஜிர்கோனியா என்கிற பல் நிறப் பீங்கானில் செய்தேன். பக்கத்துப் பல்லின் வெற்றிலைக் கறைகூட லேசாகத் தெரியும்படி நிறம் கொடுத்தேன். உள்பக்கம் வழவழவென்று இருந்தால் பசை பிடிக்காது. அலுமினா பவுடரைக் காற்றில் அடித்துச் சொரசொரப்பாக்கி, அவளைப் பல் டாக்டர் ஜெயஸ்ரீயிடம் அழைத்துப் போனேன்.

அளவு சரியாக இருந்தது. சுத்தம் செய்து ஒட்டப் போகிற நேரத்தில் உள்ளே எச்சில் புகுந்துவிட்டது. வெறும் தண்ணீரில் கழுவினால் அது போகாது. "இப்படியே ஒட்டுனா சாப்புடுறப்ப கழண்டு வந்துடுமுங்க. திரும்ப பவுடர் அடிச்சு எடுத்துட்டு வாங்க" என்றார் டாக்டர். லேபுக்கு ஓடிப்போய் அடித்துக்கொண்டு வந்தேன். மறுபடியும் வாய் நிறைய எச்சில். "அம்மா, முழுங்கிக்குங்க" என்றார். உன் அம்மா முயன்றாள். முடியவில்லை. கடைவாயில் வழிந்தது. டாக்டர் விளக்கை இழுத்து அவள் நாக்கையே பார்த்தார். தோலுக்கடியில் புழு நெளிவது போல அது தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் உதவிப் பெண்ணை எச்சிலைக் குழாயால் உறிஞ்சச் சொல்லி, பஞ்சு வைத்து, மருந்து தடவி, கேப்பை உறுதியாக ஒட்டிவிட்டார். அம்மா கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடே உன் பெயரைச் சொன்னாள். இளமயி. இன்னொரு தரம் சொன்னாள். பிறகு கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

வெளியே வந்து டாக்டர் என்னிடம், "இது பல்லால இல்லீங்க. நாளைக்கே பாண்டிச்சேரியில நரம்பு டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றார். காட்டினோம். பேசுவதற்கும் முழுங்குவதற்குமான நரம்புகள் பட்டுப்போய்க்கொண்டே வருகின்றனவாம். காலுக்கும் அது பரவியிருக்கிறதாம், வாசலில் விழுந்ததும் அதனால்தானாம். நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், திருப்ப முடியாது என்றார் அந்த நரம்பு டாக்டர். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். திரும்பி வரும்போது பஸ் நெய்வேலி தாண்டும்வரை என் கையை விடவே இல்லை.

இப்போது சோற்றைக் குழைத்துக் கரைத்துக் கொடுக்கிறேன். தண்ணீர்தான் புரையேறுகிறது. எதிர்வீட்டு சொர்ணாம்பாள் வந்து, "பல்லு அப்புடியே உன்னுது மாதிரியே இருக்குது, இனிமே நல்லா பேசலாம்" என்றாள். அம்மா தலையாட்டினாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உன்னை வரச் சொல்லட்டுமா என்று அவளிடம் கேட்டேன். கார்முகிலுக்குப் பரீட்சை என்று ஜாடை காட்டினாள். அதனால் நானும் சொல்லவில்லை. நீ வருகிறவரை சாயங்காலத்தில் வீடியோவில் வா. முகத்தைக் காட்டுவாள். அவள் ஏதாவது சொன்னால், என்னம்மா, புரியல என்று மட்டும் திருப்பிக் கேட்டுவிடாதே. சரிம்மா என்று சொல். அவளுக்கு அது போதும்.

பழமலைநாதர் உங்கள் மூவரையும் காக்கட்டும்.

உன் அப்பா,
அர்ச்சுனன்