தறியை ஓட்டுங்கப்பா

12.6.1986, வியாழன்

எம்.டெக். நுழைவுத் தேர்வு மதிப்பெண் வந்துவிட்டது. எந்தக் கல்லூரியும் கூப்பிடாது.

சாயங்காலம் அப்பா விசைத்தறியை நிறுத்திவிட்டு வந்தார். "மறுக்கா எழுது சாமி. நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் தறி ஓடாது" என்றார்.

போன தடவையும் எனக்காக நிறுத்தினார். அந்த அமைதியில் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. சொல்ல மனம் வரவில்லை.

தறிக்குப் பக்கத்தில் தூளி கட்டித்தான் என்னை வளர்த்தார்கள். கரண்ட் போய்ச் சத்தம் நின்றால் விழித்துக்கொண்டு அழுவேனாம். பள்ளிப் பாடமெல்லாம் அந்தச் சத்தத்தில் படித்ததுதான்.

இன்று சொல்லிவிட்டேன். "எழுதறேன். ஆனா தறிய ஓட்டுங்கப்பா."

"அட, இத அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று எழுந்து போனார்.

தறி ஓடுகிறது. புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். தூளியில் போட்டதுபோலத் தூக்கம்தான் வருகிறது.