உன் கட்டுரையின் கடைசி நான்கு வரிகள்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, ஃபேர்லேண்ட்ஸில் உள்ள, வலைப்பதிவு எழுதித்தரும் நம் அலுவலகத்தில், வடையும் காபியுமாக நடந்த நீண்ட ஆலோசனைக்குப் பின் வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்று எடுக்கப்பட்டது. நீ எழுதிய கட்டுரையின் கடைசி நான்கு வரிகள் நீக்கப்படும். அந்த இடத்தில் 'இப்போதே அழையுங்கள்' என்ற பொத்தான் வரும். பொத்தான் பச்சையா ஆரஞ்சா என்பதில்தான் விவாதம் சூடுபிடித்தது. பச்சை வென்றது.

நீ இல்லாத கூட்டங்களில் எனக்குக் களைப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளி நம்மிடம் வலைப்பதிவு கேட்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? ஊர் ஊராய்ப் போய் போர் என்கிற ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் அவருடையவை. நான் ஒரு வருடத்துக்கான திட்டத்தைக் கட்டம் கட்டி, வண்ணம் தீட்டி வைத்தேன். முதல் தலைப்பு, 'நீரின் இன்றியமையாமை'. நீ அதைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குடா மாப்ள, படிக்கறதுக்கு ஆள மட்டும் நாம கூலிக்கு வெச்சுக்கணும்" என்றாய். மறுநாளே திருச்செங்கோட்டுக்கு பஸ் ஏறி, அவர் அலுவலகத் தொலைபேசி பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்துகொண்டாய்.

திரும்பி வந்தபோது உன்னிடம் இருந்தவை கேள்விகள் மட்டும். "நீரோட்டம் பாக்கறப்போ கையில வெச்ச தேங்காய் எந்திரிச்சு நின்னுச்சுங்க, நம்பிப் போர் போடலாமுங்களா?" "பக்கத்துக் காட்டுல போட்டா நம்ம கெணத்துல தண்ணி கொறையுமுங்களா?" கேட்டவர் கேட்டபடியே தலைப்பு. முதல் பத்தியில் பதில், பிறகுதான் விளக்கம். "எங்க அத்தா கடையில, சட்டைத்துணி கேட்டவங்களுக்கு நெசவோட வரலாறு சொல்ல மாட்டாரு" என்று உன் அப்பாவைத் துணைக்கு இழுப்பாய்.

முதலாளியோடு நமக்கு வந்த சண்டை எல்லாம் ஒரு கட்டுரைக்காகத்தான். 'ரெண்டு போர் போட்டும் தண்ணி வரலைங்க, என்ன பண்றது?' தோல்வி கண்டவரின் அந்தக் கேள்வியை எந்த ரிக் கம்பெனியும் தன் பக்கத்தில் போட்டதில்லை. நீ போட்டாய். கடைசியில் இப்படி முடித்திருந்தாய்: "ஒரே நிலத்தில் இரண்டும் வறண்டிருந்தால் மூன்றாவதை இப்போது போடாதீர்கள். பழைய கிணற்றைத் தூர் வாருங்கள். ஒரு மழைக்காலம் பாருங்கள். அதன்பின் எங்களை அழையுங்கள்."

முதலாளி அதைப் படித்துவிட்டு நேரே புறப்பட்டு வந்தார்.

"ஏனுங்க சாமி, வண்டி டீசல் ஊத்தி நிக்குது. நீங்க வராதீங்கன்னு எழுதி வெக்கறீங்களே?"

"வரச் சொல்லித்தான் எழுதியிருக்கேன். மழைக்கு அப்புறம்."

"அதுக்குள்ள அவன் வேற வண்டியக் கூப்புட்டுட்டா?"

"கூப்பிடட்டும். அதுலயும் தண்ணி வரலைன்னா யார் சொன்னது ஞாபகம் வரும்? 'இந்தத் துணி உங்களுக்குப் பத்தாதும்மா'ன்னு திருப்பி அனுப்பினவங்கதான், எங்க அத்தா கடைக்கு மக கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தாங்க."

அவர் அந்த நான்கு வரிகளை இன்னொரு முறை படித்தார். பிறகு, "சரிங்க, போடுங்க. எழுத்தை மட்டும் கொஞ்சம் பொடுசாப் போடுங்க" என்றார்.

பொடிசாகத்தான் போட்டோம். அடுத்த மழைக்குப் பிறகு, அதைப் படித்திருந்த பனமரத்துப்பட்டிக்காரர் ஒருவர், பக்கத்துத் தோட்டத்தார் இருவரையும் கூட்டிக்கொண்டு, போர் போடச் சொல்லி முதலாளியின் அலுவலகத்துக்குப் போனார். நீ அலட்டிக்கொள்ளவே இல்லை. நான்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இப்போது தொழிலை அவர் மகன் பார்க்கிறான். நல்ல பையன், என்னை அண்ணா என்றுதான் அழைப்பான். அந்தத் திங்கட்கிழமை ஆலோசனையில் திரையைக் காட்டி, "பாருங்கண்ணா, எல்லாரும் கடைசி வரிவரைக்கும் படிக்கறாங்க. படிச்சுட்டு நம்மளக் கூப்புடாமப் போயிடறாங்க. அந்த வரிதான் தொரத்துது" என்றான். அந்த வரி அதற்காகத்தான் எழுதப்பட்டது என்றேன். "அப்புடீன்னா வேல செய்யுதுங்ண்ணா. அதான் எடுக்கணுங்கறேன்" என்றான். அவன் தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. வடைத் தட்டு என் பக்கம் நகர்த்தப்பட்டது.

கட்டுரைகளை இப்போது இயந்திரம் எழுதித் தருகிறது. எல்லாமே 'இன்றைய நவீன உலகில் தண்ணீர் மிகவும் அவசியமானது' என்றுதான் தொடங்குகின்றன. யார் மறுத்தார்கள் என்று தெரியவில்லை. அவற்றைத் திருத்துவது என் வேலை. திருத்த உட்காரும்போதெல்லாம், கேட்கிற மனிதனின் கேள்வியை அவன் பேச்சிலேயே முதலில் தாளின் தலையில் எழுதிக்கொள்கிறேன். அது உன் பழக்கம். அதைச் செய்யாமல் எனக்கு இன்னும் ஒரு வரியும் ஓடுவதில்லை. எழுதி முடித்ததும் எதிரே உன் நாற்காலியைப் பார்க்கிறேன். அதில் இப்போது பிரிண்டர் இருக்கிறது.

பொத்தான் நன்றாக வேலை செய்கிறது. முதல் வாரம் வந்த அழைப்புகளின் பதிவைப் பையன் பெருமையோடு அனுப்பினான். அதில் தம்மம்பட்டிக்காரர் ஒருவர் பேசுகிறார்: "ரெண்டு போட்டோம் சார், ரெண்டும் புழுதிதான். உங்க கட்டுரைய முழுசாப் படிச்சேன். வண்டிய அனுப்பிடுங்க."

செவ்வாய்க்கிழமை வண்டி போனது. மூன்றாவதிலும் புழுதிதான் வந்தது.