உனக்கு மட்டும்

ஏப்ரல் 3

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். காய்ச்சல் வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள். கழுவிக் கழுவி எங்கள் கையெல்லாம் தோல் உரிந்துவிட்டது. அப்படியும் நேற்று ஒரு நர்ஸ் அதே காய்ச்சலில் படுத்துவிட்டாள். தலைமை நர்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டார்: "டாக்டர், தொட்டாத்தான் வருமா, மூச்சுலயும் வருமா? அதச் சொல்லுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்." நான் என்னத்தைச் சொல்ல? வார்டுக் காற்றைப் பிடித்து உங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பி எவ்வளவு நாளாயிற்று! எல்லோரும் குறட்டை விட்டுத் தூங்குகிறீர்களா?

அலுத்துப்போன,
தங்கை

ஏப்ரல் 6

அன்பு வாயாடிக்கு,

தூக்கமா? அந்தப் பாக்கியம் இங்கே யாருக்கும் இல்லை. நாலு நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து செய்கிற வேலை இது. நாலும் ஒரே முடிவைச் சொன்ன பிறகுதான் வாய் திறப்போம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மூன்று சொல்லிவிட்டன. நாலாவது இடத்தில் இயந்திரம் பழுது, இன்னும் ஒரு வாரமாவது இழுக்கும். அவசரப்பட்டுத் தப்பாகச் சொன்னால் ஜனங்கள் பயந்து ஓடி, நோயை நாலு ஊருக்குக் கொண்டுபோவார்கள்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். நாளையிலிருந்து வார்டுக்குப் போகாதே. வயிற்றுவலி, தலைவலி, எதையாவது சொல்லி லீவு போடு. ஏன் என்று கேட்காதே. அம்மாவுக்கு நாம் இரண்டு பேர்தான்.

அக்கா

ஏப்ரல் 7

அக்கா,

கேட்கவில்லை, புரிந்துவிட்டது. லீவு எழுத உட்காரவும் செய்தேன், பொய் சொல்வானேன். அப்போது தலைமை நர்ஸ் எட்டிப் பார்த்து, "முகமே சரியில்லையே, போய்ப் படுங்க, நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு, அந்த மெல்லிய முகக்கவசத்தோடு உள்ளே போனார். என்னால் தாங்க முடியவில்லை. எல்லோரையும் வெளியே கூப்பிட்டு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஜன்னல்களைத் திறந்தோம், கட்டில்களை வராந்தாவுக்கு இழுத்தோம். நல்ல முகக்கவசம் கேட்டு மேலதிகாரியிடம் மல்லுக்கு நின்றேன். "யார் சொன்னது?" என்றார். என் பேச்சை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உன் பெயரைச் சொன்னேன். மாலையே பெட்டி பெட்டியாக வந்தது.

திட்டு. ஆனால் எழுது.

தங்கை

ஏப்ரல் 14

தங்கைக்கு,

என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நம்பிச் சொன்னதற்கு நல்ல மரியாதை செய்தாய். இந்தக் கோபம் லேசில் ஆறாது. போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

நாலாவது ஆய்வகமும் இன்று சொல்லிவிட்டது. மூச்சில்தான் பரவுகிறது.

அன்றைக்கு உன் ஒருத்தியைத்தான் நினைத்தேன். அந்த வார்டில் வேறு ஆட்கள் இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. அதுதான் மனத்தை அறுக்கிறது.

தலைமை நர்ஸுக்குக் காய்ச்சல் ஒன்றும் வரவில்லையே? அதை எழுது. மற்றபடி கொஞ்ச நாள் நாம் பேசிக்கொள்ள வேண்டாம்.

அக்கா