கோப்பை வரிசை

12.03.1968
கொழும்பு டொக்டரின் ஆராய்ச்சி முடிவு வந்துவிட்டது. கம்பனி நேர்ஸாய் அதன் தீயணைப்பு ஆட்களுடைய நெஞ்சை ஒரு வருடம் சோதித்து அவருக்கு எழுதிக் கொடுத்தேனே, வீண்போகவில்லை. புகைக்குள் போகிறவனுக்கு முகமூடி வேண்டும். அணைத்து வந்தபின் ஓய்வு வேண்டும். பால் குடித்தால் நெஞ்சுப் புகை கழுவுப்படும் என்பது வெறும் நம்பிக்கை. அந்தக் கடைசி வரியை வற்புறுத்திச் சேர்ப்பித்தவள் நான். நெருப்பணைத்த கையோடு என் டிஸ்பென்சரி வாசலில் கம்பனி கொடுக்கும் பாலுக்குக் கோப்பை ஏந்தி வரிசையாய் நிற்கிறார்களே! சிரிப்புத்தான் வருகிறது.

02.04.1968
மனேச்சர் கூப்பிட்டார். முகமூடி? "அடுத்த வருசம் பாப்பம், மிஸ்ஸி." ஓய்வு? "ஆக்கள் காணாது." பாலை மட்டும் உடனே நிறுத்தியாயிற்று. "நீங்கள்தானே ஆராய்ச்சி செய்து சொன்னனீங்கள்" என்று பல்லைக் காட்டினார். இதுதான் ஆராய்ச்சியை நடைமுறைப்படுத்துவதாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

03.04.1968
தீயணைப்புத் தவராசா என்னைக் கண்டதும் காறித் துப்பிவிட்டுப் போனான்.

19.05.1968
மத்தியானம் சாக்குக் களஞ்சியத்தில் நெருப்பு. ஈரத்துவாயை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். அணைத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒருவரும் என்னிடம் வரவில்லை. ஏன் வர வேண்டும்? இப்போதுதான் மண்டையில் உறைக்கிறது. பாலுக்கு வந்தவர்களின் முதுகில்தானே நான் ஸ்டெதஸ்கோப் வைத்தேன்! இருமலும் சளியும் அந்தக் கோப்பை வரிசையில்தானே பிடிபட்டன! பால் இல்லை; வரிசையும் இல்லை. படித்த முட்டாள் நான்.

02.06.1968
இன்றும் ஒருவரும் இல்லை.

14.07.1968
தீயணைப்பு அஸீமின் மனைவி ஸாலிஹாவைச் சந்தையில் கண்டேன். எப்போதும் சிரித்துக் கதைப்பவள், இன்று சிரிக்கவில்லை. "சாக்குப் பத்தின நாளிலயிருந்து இருமல், மிஸ்ஸி. படுக்க ஏலாம ராவெல்லாம் குந்திக்கிட்டே இருக்கார். உங்களிட்டப் போங்க எண்டா, பாலை வெட்டினவங்களிட்ட ஏன் போற எண்டு கேக்கார்."
முகமூடி தா என்றுதானே கேட்டேன், பாலை வெட்டு என்றா கேட்டேன்? சந்தை நடுவில் நின்று இதைக் கத்தவா முடியும்?

15.07.1968
மனேச்சரிடம் மறுபடி போனேன். பாலையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். "விஞ்ஞானத்துக்கு மாறா நான் நடக்கேலுமோ, மிஸ்ஸி?" திடீரென்று அவருக்கு விஞ்ஞானத்தில் பக்தி வந்துவிட்டது. நாசமாய்ப் போக.

17.07.1968
நான் குடியிருக்கும் பாலையூற்றில், பக்கத்து வீட்டுப் புஸ்பராணி மாடு வைத்திருக்கிறாள். அவளிடம் பால் வாங்கிப் போய் டிஸ்பென்சரி மண்ணெண்ணெய் அடுப்பில் காய்ச்சினேன். பால் இருக்கிறது என்று ஸாலிஹாவுக்குச் சொல்லி அனுப்பினேன்.
அஸீம் வந்தார், பழைய கோப்பையோடு. பாதியாய் இளைத்திருந்தார். குடிக்கும்போது முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். வலப்பக்கம் அடியில் மூச்சே கேட்கவில்லை. நெருப்புப் பிடித்த அன்றைக்கே வைத்துக் கேட்டிருந்தால்— நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.
அவர் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இனி நெஞ்சு கழுவுப்பட்டிரும்தானே, மிஸ்ஸி?"
"ஓம்" என்றேன்.